குனிவதற்கும் ஒரு நியாயம் உண்டு

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அடுத்தவர் குறையைப் பேசித் திரிகிறவர்களைக் குத்திக்காட்டச் சொல்வது. ஆனால், அதை அப்படியே நேராக எடுத்துக்கொண்டாலும் உண்மைதான். முகத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை கண்ணாடியில் பார்க்கிறோம். முதுகை யார் பார்த்தது? பிறந்ததிலிருந்து கூடவே வருகிறது. ஒரு நாள் வாளியைத் தூக்கப் போன இடத்தில் 'சுரீர்' என்று பிடித்துக்கொள்ளும்போதுதான், அட, இப்படி ஒன்று இருக்கிறதே என்று ஞாபகம் வருகிறது.

இத்தனைக்கும், தமிழனுக்கு முதுகு என்பது மானப் பிரச்னை. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிரை விட்டான். புறநானூற்றில் ஒரு வயதான தாய் வருகிறாள். 'உன் மகன் புறமுதுகு காட்டிவிட்டான்' என்று ஊர் பேசுவதைக் கேட்டு, கையில் வாளோடு போர்க்களத்துக்கே போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு கிடக்கும் மகனைக் கண்டு, அவன் ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் மனம் ஆறுகிறது.

வீரம், மானம் எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். நரம்பெல்லாம் தெரிய வற்றிப்போன உடம்போடு வந்தாளே, அந்தத் தாயின் உடம்பு எந்தப் போரில் வற்றியது? மகனின் முதுகில் காயம் இருக்கிறதா என்று ஊரே கவலைப்பட்டது. அவள் முதுகைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

*

ஒரு சாதாரணக் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். எழுந்ததும் வாசல் கூட்டுகிறார் ஒரு பெண்மணி. குனிகிறார். தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து அப்படியே மடிந்து குனிகிறார். சிங்க்குக்குக் கீழே இருந்து பாத்திரத்தை எடுக்கிறார், கிரைண்டரிலிருந்து மாவை வழிக்கிறார், வாஷிங் மெஷினிலிருந்து ஈரத் துணியை அள்ளுகிறார், கட்டிலுக்கடியில் பெருக்குகிறார், குழந்தையின் ஷூ லேஸைக் கட்டிவிடுகிறார். எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் தலை சுற்றும்.

இதில் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், ராத்திரி படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். ஆனால் உப்பிய டிஸ்க்குக்குக் குனிவது பிடிக்காது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்தார்கள், அமெரிக்காவில் ஸ்னூக் என்பவரும் அவர் குழுவினரும். வலி குறைந்தது. 1998-ல் வெளியான ஆய்வு அது. நம் வீட்டுப் பெண்கள் வாசல் பெருக்குவதும் கோலம் போடுவதும் சரியாக எந்த நேரத்தில்? சொல்ல வேண்டியதில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் என்ற மருத்துவர் 1960-களில், உயிரோடிருக்கும் மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது இருப்பதைவிட முன்பக்கம் குனியும்போது அழுத்தம் அதிகம். கையில் பாரத்தோடு குனிந்தால் இன்னும் அதிகம். பாரம் உடம்பைவிட்டுத் தள்ளிப்போகப் போக, முதுகு பல மடங்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுக் கயிறு பிடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு படிக்காமலே தெரியும்.

2020-ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்கிறது ஒரு பெரிய மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதற்கு எல்லா வீட்டிலும் விளக்கமாறுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். முதுகுவலிக்குக் காரணங்கள் பல. ஆனால் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். துரும்பைக்கூட நகர்த்தாத மகானுபாவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை!

*

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் மலையேற்ற வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கே ஏரி, படகு, பஜ்ஜி எல்லாவற்றையும் தாண்டி மேலே போனால் சேர்வராயன் கோயில். ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேலே, மலையின் தலையில் இருக்கிறது. மொத்த மலைக்குமே சேர்வராயன் மலை என்று பெயர் கொடுத்த சாமி அவர்தான். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஷெவராய்' ஆனது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குலதெய்வம் மாதிரி. (இவர்கள் பேசுவது தமிழ். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்தெல்லாம் வந்து கூடுகிறார்கள்.

கோபுரம், பிராகாரம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாமி இருப்பது ஒரு குகைக்குள். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருட்டுக்குள் இருக்கிறார்கள். குகை தாழ்வானது, குறுகலானது. உள்ளே போக வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். நிமிர்ந்தால் பாறை மண்டையில் முட்டும்.

அங்கே கொஞ்ச நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் ஒன்று புரியும். காரில் வந்து இறங்கிய பெரிய மனிதர் குனிகிறார். கூட வந்த மாமியார், மருமகள், டிரைவர் எல்லோரும் குனிகிறார்கள். 'எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, முடியாது' என்பவர் வெளியிலேயே கும்பிட்டுக்கொள்கிறார், சாமி கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. தரிசனம் முடிந்து வெளியே வந்தால் பரந்த மலையுச்சி, திறந்த வானம், நாலா பக்கமும் காற்று. குனிந்தவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, பின்னால் வளைந்து, 'அப்பாடா' என்று நிமிர்கிறார்கள்.

குனிவதில் எது நியாயம் என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் குனிய வேண்டும். முடியாதவருக்கு விலக்கு வேண்டும். குனிந்தவர் நிமிர்வதற்கு இடமும் நேரமும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் குனிவதில் இழிவும் இல்லை, பெரிய ஆபத்தும் இல்லை. நம் வீடுகளில் எத்தனை வீட்டில் இந்த மூன்றும் இருக்கிறது?

*

"முதுகைப் பத்திரமா பார்த்துக்கோங்கம்மா" என்று டாக்டர் சொல்கிறார். பத்திரிகைகளில் படம் போட்டு எழுதுகிறார்கள். இடுப்பை மடக்காதே, முழங்காலை மடக்கு. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடி. தூக்கிக்கொண்டே திரும்பாதே. எல்லாம் நல்ல யோசனைகள்தான். செய்தால் அன்றைய வேலை சுலபமாகும்.

ஆனால் ஒரு தகவல். பாரம் தூக்கும் வேலை செய்கிறவர்களுக்கு 'இப்படித் தூக்கு, அப்படித் தூக்காதே' என்று பயிற்சி கொடுத்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது காக்ரேன் அமைப்பு. 2011-ல் வந்த முடிவு இதுதான்: யோசனையாலும் பயிற்சியாலும் முதுகுவலி வருவதைத் தடுக்க முடிந்ததாகத் தெரியவில்லை. பயிற்சியோடு தூக்க உதவும் கருவிகளைச் சேர்த்துக் கொடுத்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அதை வழக்கமான வைத்தியமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

ஏன் இப்படி? எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறோம். எவ்வளவு தூக்குவது, எத்தனை தடவை தூக்குவது, வேறு யார் தூக்கலாம் என்பதைத் தொடுவதே இல்லை. கடைசியில் வலி வந்தால், "டாக்டர் சொன்னாரே, நீ ஒழுங்கா குனியலை" என்று பழியும் அவர் முதுகிலேயே ஏறுகிறது!

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் வருகிறது. பல பெண்களுக்குத் தன் முதுகைப் பார்த்துக்கொள்வதே ஏதோ குற்றம் மாதிரி. 'கொஞ்சம் படுத்தால் சோம்பேறி என்பார்கள்', 'அவரைத் தூக்கச் சொன்னால் வேலைக்குப் போகிற மனுஷனைத் தொந்தரவு செய்கிறேன் என்பார்கள்.' பிறருக்காக வருந்துவது புண்ணியம், தனக்காக வருந்துவது சுயநலம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். மேடை ஏறினால், 'பெண்தான் குடும்பத்தின் முதுகெலும்பு' என்று முழங்குவோம். முதுகெலும்புக்கு விழா எடுத்து மாலை போடுகிற நாம், வீட்டுக்குத் திரும்பியதும் அதே முதுகெலும்பிடம் "தண்ணி கேனைத் தூக்கி மேலே வெச்சியா?" என்று கேட்போம். அந்தக் கேன் இருபது லிட்டர். இருபது கிலோ. காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் முப்பதைத் தொடும்.

தன் உடம்பைக் காப்பது சுயநலமா? நான் அப்படி நினைக்கவில்லை. உடைந்த முதுகோடு ஒருவர் செய்யும் தியாகத்தில் வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் கடனாளி ஆகிறார்கள். அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவே முடியாது. வலியைச் சொல்வதும், "இதை நீ தூக்கு" என்று கேட்பதும் சுயநலமில்லை. மற்றவர்களுக்கு நேர்மையாக இருக்க ஒரு வாய்ப்புக் கொடுப்பது.

*

கலிஃபோர்னியா வயல்களில் ஒரு மண்வெட்டி இருந்தது. 'எல் கோர்டிட்டோ' என்று பெயர், ஸ்பானிய மொழியில் 'குட்டை' என்று அர்த்தம். கைப்பிடி ஒன்று, ஒன்றரை அடிதான். அதை வைத்துக்கொண்டு மெக்ஸிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்து லெட்யூஸ், பீட் வயல்களில் களை பறித்தார்கள், நாற்றைக் கலைத்துவிட்டார்கள். 'நீளக் கைப்பிடி போடுங்களேன்' என்றால் பண்ணை முதலாளிகள் சொன்ன பதில்: 'குட்டைப் பிடி இருந்தால்தான் வேலை நறுவிசாக இருக்கும். நீளப் பிடியில் பயிர் வெட்டுப்படும்.' அதில் இன்னொரு வசதியும் இருந்தது. குட்டைப் பிடி என்றால் யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இந்த மண்வெட்டியைப் பிடித்து வளர்ந்தவர்களில் ஒருவர்தான் தொழிற்சங்கத் தலைவர் சீஸர் சாவேஸ். தன் வாழ்நாள் முதுகுவலிக்கு இதுவே காரணம் என்றார். வழக்கு நடந்தது. டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து குட்டை மண்வெட்டிக்குத் தடை வந்தது. விவசாயம் ஒன்றும் படுத்துவிடவில்லை. நீளக் கைப்பிடியிலும் லெட்யூஸ் நன்றாகவே விளைந்தது.

கலிஃபோர்னியாக் கதை எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டு விளக்கமாறைப் பாருங்கள். கைப்பிடி எவ்வளவு நீளம்? அப்புறம் வேலைக்கு வரும் அம்மாவிடம் நாம் பேசுவதைக் கேளுங்கள்.

"அக்கா, மாப் ஒண்ணு வாங்கிக் குடுங்களேன், இடுப்பு விட்டுப்போகுது."

"மாப்புல மூலையெல்லாம் சுத்தமாகாது. துணியை வெச்சு உட்கார்ந்து துடைச்சாத்தான் எனக்குத் திருப்தி."

திருப்தி ஒருத்தருக்கு, இடுப்பு இன்னொருத்தருக்கு! பண்ணை முதலாளி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதிலும் வேடிக்கை, இதைச் சொல்கிற அக்காவே போன வாரம்தான் முதுகுவலிக்குப் பிசியோதெரபிக்குப் போய் வந்திருப்பார். தன் முதுகைக் காப்பாற்ற இன்னொரு முதுகை வாடகைக்கு எடுத்துவிட்டால், முதுகு காப்பாற்றப்பட்டதா, இடம் மாற்றப்பட்டதா? வீட்டு வேலை செய்கிறவர் இதே வேலையை இன்னும் மூன்று வீட்டில் செய்கிறார். அப்புறம் தன் வீட்டிலும் செய்கிறார். அந்த ஐந்தாவது வீட்டுக் குனிதலுக்குச் சம்பளம் கிடையாது.

*

சேர்வராயன் கோயில் பக்கம் விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டியிடம், "இவ்ளோ சுமக்கறீங்களே, முதுகு வலிக்காதா?" என்று கேட்டேன்.

"சுமக்கறது பெருசில்லீங்க. எறக்கி வெச்சா மறுபடி தூக்கிவுட ஒரு ஆளு வேணும். ஆளு இல்லீன்னா எறக்கவே மாட்டம். அதான் கஷ்டம்" என்றார்.

இந்த ஒரு கஷ்டத்தைப் புரிந்துகொண்ட யாரோதான் சுமைதாங்கியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். பழைய சாலையோரங்களில் இன்னமும் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யார் உதவியும் இல்லாமல், அப்படியே அதன் மேல் சரித்து வைக்கலாம். இளைப்பாறிய பிறகு குனியாமல் எடுத்துக்கொண்டும் போகலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நட்டார்கள். இறக்கி வைக்காமலே போய்விட்ட அவள் சுமை, வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கும்போது இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

எனக்கு இது பெரிய தத்துவமாகப் படுகிறது. 'நீ சரியாகச் சுமக்கக் கற்றுக்கொள்' என்று அந்தச் சமூகம் போதனை செய்யவில்லை. மனித உயரத்தை அளந்து கல்லை நட்டது. சுமப்பவளுக்கு இரக்கம் காட்டுவது என்றால் இதுதான்.

நம் வீட்டுக்குள் எத்தனை சுமைதாங்கி இருக்கிறது? ஒரு ஜாக்கெட் தைக்க இரண்டு தடவை அளவு எடுக்கிறோம். இருபது வருஷம் முன்னால் நின்று வேலை செய்யப்போகிற சமையல் மேடைக்கு, சமைக்கிறவரை நிறுத்தி யார் அளந்தது? மேஸ்திரி ஒரு கணக்கு வைத்திருப்பார், அதுதான் சட்டம். முழங்கைக்கு அரை ஜாண் கீழே மேடை இருந்தால் முதுகு வளையாது. கட்டி முடித்தாகிவிட்டது என்றால் உயரம் குறைந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் வைத்து நறுக்கலாம். ரொம்ப நேரம் நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலை சின்ன முக்காலியில் வைத்துக்கொள்ளலாம். துணிக் கூடையைத் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வைக்கலாம். ஒரு முழு வாளிக்குப் பதில் இரண்டு அரை வாளி. துடைப்பத்துக்கும் மாப்புக்கும் நெஞ்சளவு கைப்பிடி. அரிசி டின்னை அடித்தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். கோலத்தை எழுந்தவுடனே போடாமல் காபி குடித்துக் கொஞ்சம் நடமாடிவிட்டுப் போட்டால் லட்சுமி ஒன்றும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட மாட்டாள்.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. 1950-களில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் கிரைண்டரைச் செய்தார், ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்த காலம் முடிந்தது. ஆனால் குழவியைத் தூக்கி மாவை வழிப்பதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் சாய்த்து வழிக்கிற கிரைண்டர் வந்தது. 2011-ல் தமிழக அரசே வீட்டுக்கு வீடு இலவச மிக்ஸி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் ஒரு சுமைதாங்கிதான். 'அந்தக் காலத்துல அம்மியில அரைச்ச ருசி வருமா?' என்று ஏங்குகிறவர்களில் எத்தனை பேர் அரைத்தவர்கள், எத்தனை பேர் சாப்பிட்டவர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பொத்திப் பொத்தி வைப்பதும் சரியில்லை. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். படுத்தே கிடப்பதைவிட முடிந்தவரை நடமாடுவது நல்லது. கால் மரத்துப் பலமிழந்தால், சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனால், வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி, குனியப் படைக்கப்பட்டதுதான் முதுகு. குனிவது அதற்கு எதிரி இல்லை. ஒரே முதுகு எப்போதும் குனிந்திருப்பதுதான் எதிரி.

எல்லா மாற்றத்தையும் கடையில் வாங்கிவிட முடியாது. கைப்பிடியை நீளமாக்கலாம், மேடையை உயர்த்தலாம். 289-க்கும் 88-க்கும் நடுவில் இருக்கும் அந்த 201 நிமிடத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. அதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய புரட்சியெல்லாம் தேவையில்லை. காலையில் தண்ணீர் கேன் வந்ததும், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து போய்த் தூக்கி வைப்பதில் ஆரம்பிக்கலாம். மகளிடம் சொல்கிற 'அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வை' என்பதை மகனிடமும் சொல்லிப் பார்க்கலாம்.

அப்புறம், வீட்டில் யாராவது வேலைக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றால், 'என்ன நின்னுட்டே?' என்று கேட்காமல் இருக்கலாம். கலிஃபோர்னியா மேஸ்திரிதான் அப்படிக் கேட்பான்.